தலைகீழாக விழுந்த சொல்

போன வாரம் ஜார்ஜ் வைமனைத் தர்மசங்கடத்தில் நிறுத்திவிட்டுத் 'தொடரும்' போட்டுவிட்டேன். ஏழு நாளாக மனிதர் அங்கேயேதான் நிற்கிறார். முதலில் அவரை வீட்டுக்கு அழைத்துப் போவோம்.

எங்கே விட்டோம்?

லாஸ் ஏஞ்சலஸ். பிராட்வேயும் மூன்றாம் தெருவும் சந்திக்கும் மூலை. மெக்சிகோவில் சுரங்கம் தோண்டிக் கோடீஸ்வரரான லூயிஸ் ப்ராட்பரி, அந்த மனையில் ஒரு கட்டடம் எழும்பியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். கட்டடக் கலைஞர் சம்னர் ஹன்ட் வரைபடம் போட்டுக் காட்டினார். கிழவருக்குத் திருப்தியில்லை. அவர் பார்வை ஹன்டின் ஆபீசில் வேலை பார்த்த வைமன் மேல் விழுந்தது.

வாரம் 5 டாலர் சம்பளம். அடுத்தவர் யோசிப்பதைக் கோடாக இழுத்துத் தருவது வேலை. அவரைப் பார்த்து, இந்தக் கட்டடத்தை நீயே முடித்துத் தருகிறாயா என்று கேட்டார் ப்ராட்பரி.

லாட்டரி அடித்தது என்று யாராக இருந்தாலும் துள்ளியிருப்பார்கள். வைமன் துள்ளவில்லை.

மாட்டேன் என்றுவிட்டார்.

அந்த 'மாட்டேன்'தான் இந்த வாரக் கதை.

வைமனின் நெஞ்சில் இரண்டு பயங்கள். ஒன்று மனசாட்சி. வாராவாரம் படியளக்கிற முதலாளி. அவரைத் தேடி வந்த வேலை. அவர் ஆபீசில் உட்கார்ந்துகொண்டே அதைத் தட்டிப் பறிப்பதா? உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதேதான்.

இன்னொரு பயத்தை வெளியே சொல்ல முடியாது. வைமன் கல்லூரிக்குப் போய்க் கட்டடக் கலை படித்தவர் இல்லை. ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் உறவினர் ஒருவரிடம் தொழில் பழகியவர். தாளில் ஐந்து மாடி வரைவது வேறு. தரையில் ஐந்து மாடியை நிறுத்துவது வேறு. தாளில் தப்பு வந்தால் ரப்பர் இருக்கிறது. தரையில் தப்பு வந்தால்?

ஆனால் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. மனைவி இருக்கிறார். 5 டாலரை இழுத்துப் பிடித்துக் குடும்பம் ஓடுகிறது. இப்படி ஒரு கதவு வாழ்க்கையில் இரண்டு முறை திறக்காது. இது அவருக்கும் தெரியும்.

ப்ராட்பரிக்கு மட்டும் அப்படி என்ன அவசரம்?

அவர் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். எழுபதை நெருங்குகிறார். உடம்பு தளர்ந்துவிட்டது. மெய்ன் மாநிலத்துப் பாங்கோரில் பிறந்தவர், மெக்சிகோவின் சினலோவா மாகாணத்து ரொசாரியோவுக்குப் போய், தாஹோ சுரங்கத்தில் பொன்னையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு வந்தவர். அந்த மண்ணிலேயே சிமோனா மார்த்தினெஸைக் கைப்பிடித்தவர். பங்கர் ஹில் மேட்டில் ஊரே அண்ணாந்து பார்க்கும் மாளிகை அவருக்கு இருந்தது. நிலமும் நீச்சும் கணக்கில்லை. இன்றைக்கும் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் அவர் பெயரிலேயே ஒரு குட்டி நகரம் இருக்கிறது.

எல்லாம் இருந்தும் ஒன்று குறைந்தது. சுரங்கக்காரர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை என்ன? தோண்டுவது. பூமிக்குள் இருட்டில் இறங்குவது. மேலே எழும்பி நிற்கும்படி அவர் எதையும் ஊருக்கு விட்டுவைக்கவில்லை. வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், தன் பெயர் சொல்ல ஒரு கட்டடம் வேண்டும். காசைப் பற்றிக் கவலையில்லை. காலத்தைப் பற்றித்தான் கவலை.

பெயரெடுத்த கட்டடக் கலைஞரிடம் கொடுத்தால் அது அவருடைய கட்டடமாகிவிடும். பெயரெடுக்காதவனிடம் கொடுத்தால் தன்னுடையதாகவே இருக்கும். கிழவரின் கணக்கு இப்படித்தான் ஓடியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சரி, வைமனின் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இனி நிதானமாக நடப்போம். ஒரு கட்டடத்தின் நூற்று முப்பது வருட ஆயுளைத் தீர்மானித்த ஒரு மணி நேரம் இது.

ஹாஸ்டலில் தங்கிப் படித்த வாசகர்களுக்கு ஒரு விளையாட்டு நினைவிருக்கும். நள்ளிரவு. ஒரு அட்டை. வட்டமாக ஏ, பி, சி, டி. நடுவில் ஒரு நாணயம், அதன் மேல் நாலு பேரின் விரல். நாணயம் தானாக நகரும். 'டேய், வந்துருச்சுடா!' என்று ஒருத்தன் அலறுவான். மறுநிமிடம் அத்தனை பேரும் போர்வைக்குள்.

அதன் மூத்த சகோதரிதான் பிளாஞ்செட். உள்ளங்கையளவு மரப்பலகை. அடியில் சின்னச் சக்கரங்கள். நுனியில் ஒரு பென்சில். கீழே வெள்ளைக் காகிதம். பலகை மேல் விரல் நுனிகளை லேசாக வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்தவர்களைக் கூப்பிட வேண்டும். அவர்கள் வந்தால் பென்சில் எழுதும்.

சிரிக்காதீர்கள். அன்றைய அமெரிக்காவில் இது விளையாட்டாகவும் இருந்தது, வேண்டுதலாகவும் இருந்தது. அதற்கு முந்தைய தலைமுறையின் உள்நாட்டுப் போர் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைத் தின்றிருந்தது. முகத்தைக்கூடப் பார்க்காமல் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், கிடைத்த எந்த வழியிலாவது ஒரு வார்த்தை கேட்கத்தானே துடிப்பாள்?

வைமனும் மனைவியும் பலகையின் முன் உட்கார்ந்தார்கள். விரல்களை வைத்தார்கள். அவர் மனதில் ஒரே கேள்வி.

எடுக்கவா, வேண்டாமா?

பென்சில் நகர்ந்தது.

முதலில் ஒரு பெயர். மார்க் வைமன்.

சின்ன வயதிலேயே இறந்துபோன தம்பி.

பென்சில் நிற்கவில்லை. ப்ராட்பரி கட்டடத்தை எடுத்துக்கொள் என்றது. எடுத்துக்கொண்டால் நீ...

அதற்கு மேல் கிறுக்கல்.

எழுத்து மாதிரியும் இருக்கிறது, எழுத்தாகவும் இல்லை. வாக்கியம் முடிய வேண்டிய இடத்தில் படிக்க முடியாத ஒரு சொல். எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்டால் நீ கெட்டுப்போவாயா? அவமானப்படுவாயா? அல்லது...

காகிதத்தைத் திருப்பினார்கள்.

தலைகீழாக விழுந்திருந்த சொல் நேரானது.

வெற்றி.

வைமன் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது. அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து காட்டுவார்களாம். வைமன் ப்ராட்பரியிடம் போனார். சரி என்றார்.

'அதெப்படி சார் பென்சில் தானாக எழுதும்?' என்று நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அதற்கு நாற்பது ஆண்டு முன்பே லண்டனில் ஒருவர் பதில் சொல்லிவிட்டார். மின்சாரத்தை ஆராய்ந்த அதே மைக்கேல் ஃபாரடே. ஆவி வந்து மேசையைச் சுழற்றுகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். ஃபாரடே கைகளுக்கும் மேசைக்கும் நடுவே அட்டைகளை அடுக்கிச் சோதித்தார். முதலில் நகர்வது மேசையா, கையா? கைதான். ஆனால் நகர்த்தியவர்கள் பொய்யர்கள் இல்லை. தாங்கள் தள்ளுகிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. மனம் நினைப்பதை விரல் ரகசியமாகச் செய்துவிடுகிறது.

இப்போது என் சந்தேகத்தை உங்கள் காதில் மட்டும் சொல்கிறேன். ஒரு சொல் தலைகீழாக விழுந்தது என்கிறார்களே. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால், ஒருவருக்குத் தலைகீழாகத் தெரிவது மற்றவருக்கு நேராகத்தானே தெரியும்? அப்படி உட்கார்ந்திருந்தால், கடைசிச் சொல்லை எழுதியது எந்த விரல்? 5 டாலரில் குடித்தனம் நடத்திய கை எது?

நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரிலும் இது உண்டு. சம்பந்தம் பேசி, மனதளவில் சரி என்று முடிவும் எடுத்த பிறகு கோயிலுக்குப் போய்ப் பூப் போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் மகிழ்ச்சி. சிவப்புப் பூ வந்தால்? 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே' என்பார்கள்! சாமியிடம் யாரும் முடிவு கேட்பதில்லை. அனுமதி கேட்கிறார்கள். வைமன் தம்பியிடம் கேட்டதும் அதுதான். முதலாளிக்குத் துரோகம் செய்தேன் என்ற பாரத்தை உயிரோடு இருப்பவர் சுமக்க முடியாது. இறந்தவர் தோளில் இறக்கி வைத்துவிடலாம்.

பாரம் இறங்கியது. வேலை ஏறியது.

அஸ்திவாரம் தோண்டினார்கள். கீழே நீரூற்று. சாதாரணக் கசிவு இல்லை, உயிருள்ள ஊற்று. மண் இளகினால் ஐந்து மாடியும் புதைந்துவிடும். கைவிடலாமா என்ற நிலை. ஆனால் நம் கிழவர் யார்? பூமிக்கடியில் தண்ணீரோடும் பாறையோடும் மல்லுக்கட்டியே பணக்காரரானவர். ஐரோப்பாவிலிருந்து பிரம்மாண்டமான எஃகுத் தண்டவாளங்களை இறக்குமதி செய்து அடியில் முட்டுக்கொடுக்கச் சொன்னார் என்கிறது கட்டடத்தின் கதை.

செலவு? 1,75,000 டாலரில் முடிப்பதாகப் பேச்சு. 5 லட்சத்தைத் தொட்டது. வீடு கட்டிப் பார் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

கிழவர் முகம் சுளிக்கவில்லை. பணம் வந்துகொண்டே இருந்தது.

திடீரென்று அவர் இல்லை.

1892 ஜூலையில் ப்ராட்பரி காலமானார். கட்டடம் திறந்தது 1893ல். பொன்னும் வெள்ளியும் கண்ட கண்கள் இதை மட்டும் பார்க்கவில்லை.

அவர் பார்க்காததை நாம் பார்த்துவிட்டு வருவோமா?

பிராட்வேயில் நின்று பார்த்தால் ஏமாற்றம்தான். பழுப்பு நிறம். செங்கல், மணற்கல். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். வாசல் தாழ்வானது. உள்ளே அரையிருட்டு. நான்கு அடி எடுத்து வைக்கிறீர்கள்.

கூரை காணாமல் போகிறது.

ஐந்து மாடி உயரத்துக்கு வெளிச்சம். மேலே முழுக்கக் கண்ணாடிக் கூரை. நடுவே நம் செட்டிநாட்டு வீட்டு முற்றம் போலத் திறந்த வெளி. சுற்றிலும் மாடிக்கு மாடி நடைபாதை. கொடியும் இலையுமாகக் கறுப்பு இரும்பு வேலைப்பாடு. பளபளக்கும் மரக் கைப்பிடி. மெருகேற்றிய மஞ்சள் செங்கல் சூரியனை வாங்கி வாங்கித் திருப்பித் தருகிறது. படிகள் இத்தாலியப் பளிங்கு. தரை மெக்சிகோ ஓடு. பறவைக் கூண்டு மாதிரி இரண்டு லிஃப்டுகள் எல்லோர் கண்முன்னும் ஏறி இறங்குகின்றன. மேல்மாடியில் போட்ட கடிதம் கீழே வந்து விழுவதற்கும் தனிக் குழாய். மின்விளக்கு இன்னும் குழந்தையாக இருந்த காலம். ஒவ்வொரு ஆபீசுக்கும் பகல் வெளிச்சத்தைப் பங்கு வைத்துக் கொடுக்க வேண்டும் என்றால், கட்டடத்தின் வயிற்றையே திறந்தாக வேண்டும். திறந்திருந்தார்கள்.

பூமிக்குள் இருட்டில் சம்பாதித்த காசு, தலைக்கு மேல் வெளிச்சமாக மாறியிருந்தது.

கோடு போடுகிறவருக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? அதற்கும் குடும்பம் ஒரு பதில் வைத்திருக்கிறது. ஒரு நாவல். எட்வர்ட் பெல்லமி எழுதிய 'லுக்கிங் பேக்வர்ட்'. 1887ல் தூங்கிப்போகும் பாஸ்டன்காரர் ஒருவர் 2000ல் கண்விழிக்கிறார். ஏழை, பணக்காரன் பேதமில்லாத உலகம். அங்கே ஒரு கடைக்குப் போகிறார். ஜன்னல்களிலிருந்தும் உயரத்துக் குவிமாடத்திலிருந்தும் ஒளி கொட்டும் பெரிய கூடம். அந்தப் புத்தகத்தை வைமன் படித்திருந்தாராம். ஒரு எழுத்தாளர் நூறாண்டு தள்ளி வைத்த கனவை இவர் ஐந்தே ஆண்டில் செங்கல்லில் கட்டிவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு முள் இருக்கிறது. மறைக்க எனக்கு மனமில்லை.

ஆவிக் கதை அச்சில் ஏறியது 1953ல். எஸ்தர் மக்காய் என்ற கட்டடக்கலை எழுத்தாளர் வைமனின் மகள்களிடம் கேட்டு எழுதினார். அதற்குள் வைமன் போய்ப் பதினான்கு ஆண்டு ஆகிவிட்டது. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். வடிவமைப்பு முழுக்க ஹன்டுடையதுதான், வைமன் பக்கத்தில் நின்று கட்டி முடித்தவர் மட்டுமே என்கிறார்கள். ஹன்ட் பிற்பாடு சவுத்வெஸ்ட் மியூசியம் போன்ற பெரிய பெரிய வேலைகளைச் செய்தவர். வைமனோ இந்தக் கட்டடத்துக்குப் பிறகுதான் தபால் வழியில் கட்டடக்கலையே படித்தார். அதற்கப்புறம் ஊர் பேசும்படி எதையும் கட்டவில்லை.

இப்படிச் சொல்லிக் கதையை முடித்துவிடலாம். ஆனால் ஹன்டும் இதைப் போல இன்னொன்றைக் கட்டவில்லையே! அப்போது இது யாருடையது?

என் தீர்ப்பு இது. தாளில் முதல் கோடு ஹன்டுடையதாக இருக்கலாம். தண்ணீர் பொங்கியபோதும், ப்ராட்பரி கண்மூடியபோதும் பயந்து ஓடாமல் நின்றவர் வைமன். அன்றிரவு காகிதத்தைத் திருப்பிப் பார்க்காமல் இருந்திருந்தால் நின்றிருப்பாரா?

காலம் உருண்டது. பங்கர் ஹில்லில் ப்ராட்பரியின் மாளிகை கைமாறிச் சினிமாக்காரர்களின் படப்பிடிப்புக் கூடமானது. மௌனப்பட நாயகன் ஹெரால்ட் லாயிட் அங்கே நடித்தார். குளிர் தாங்காமல் அதற்கு 'நிமோனியா மண்டபம்' என்று பெயரும் வைத்தார். 1929ல் அதை இடித்தார்கள். ஊர் அண்ணாந்து பார்த்த வீடு போயிற்று. ஊர் கவனிக்காத ஆபீஸ் கட்டடம் நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பணக்காரர்கள் புறநகருக்குக் குடிபோக, பிராட்வே களையிழந்தது. கண்ணாடிக் கூரையின் கீழும் தூசு படிந்தது.

1982ல் ஒரு படம் வந்தது. 'பிளேட் ரன்னர்'. அதில் வரும் லாஸ் ஏஞ்சலஸ் 2019ஆம் வருடத்தது. ஓயாத மழை, இருட்டு, சிதிலம். இடிந்து கிடக்கும் ஒரு கட்டடத்தில் பொம்மை செய்கிறவன் தனியாக வாழ்கிறான். எந்தக் கட்டடம்? இதேதான். நல்ல எதிர்காலத்தைக் கனவு கண்ட புத்தகத்தில் பிறந்த முற்றம், கெட்ட எதிர்காலத்தைக் கனவு கண்ட படத்தில் நடித்தது.

இன்னொன்றும் கேளுங்கள். அறிவியல் புனைகதைக்கு 'சை ஃபை' என்று செல்லப் பெயர் சூட்டியவர் ஃபாரஸ்ட் அக்கர்மன். உலகெங்கும் உள்ள ரசிகர்களுக்கு அவர் தாத்தா மாதிரி. அவருடைய சொந்தத் தாத்தா யார் தெரியுமா?

ஜார்ஜ் வைமன்.

இதற்கு மேல் நான் ஏதாவது கற்பனை செய்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆகையால் உண்மையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

படம் பார்த்தவர்கள் கட்டடத்தைத் தேடி வந்தார்கள். 1989ல் ஐரா யெலின் என்பவர் அதை வாங்கினார். ஊரே கைவிட்ட பிராட்வேயை மீட்டுவிடலாம் என்று நம்பிய மனிதர். கட்டடக் கலைஞர் பிரெண்டா லெவினை அழைத்தார். சுமார் 70 லட்சம் டாலர் செலவு. நிலநடுக்கம் தாங்கும்படி வலுவூட்டினார்கள். ஸ்பெயினிலிருந்து வெண்பளிங்கு விளக்குகள் வந்தன. இன்று யார் வேண்டுமானாலும் உள்ளே போய் அண்ணாந்து பார்க்கலாம். மேலே ஆபீஸ்கள் நடப்பதால் படியில் முதல் திருப்பத்தோடு நிறுத்திவிடுவார்கள். பரவாயில்லை. வெளிச்சத்துக்கு அனுமதிச் சீட்டு இல்லை.

ப்ராட்பரி கதை இத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

லெவின் செய்த இன்னொரு வேலை கண்ணில் படும் வரை.

கட்டடத்தின் தென்கோடியில் சாமான் போட்டுவைக்கும் இடம் ஒன்று இருந்தது. அதை ஒழித்துப் புதிதாக ஒரு பின்வாசல் வைத்தார். அதைத் தாண்டினால் சின்னப் பூங்கா. அங்கே 80 அடிக்கு மேல் நீளமாக ஒரு கறுப்புச் சுவர். அதில் ஒரு பெண்ணின் வாழ்க்கை பதித்திருக்கிறது.

பெயர் பிடி மேசன்.

ப்ராட்பரி இந்த மூலையில் அஸ்திவாரம் தோண்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அந்தப் பின்பக்கத்து மனையை 250 டாலருக்கு வாங்கியவர். பிரசவம் பார்த்துச் சேர்த்த காசு. அதற்கும் முன்னால் அவருக்கென்று சல்லிக்காசு கிடையாது. அவர் உடம்பே அவருக்குச் சொந்தமில்லை. அடிமை. எஜமானின் வண்டிகளுக்குப் பின்னால் மிசிசிப்பியிலிருந்து பாலைவனமும் மலையும் தாண்டி நடந்தே மேற்கே வந்தவர்.

1856 ஜனவரி. எஜமான் அவரையும் பிள்ளைகளையும் டெக்சஸுக்கு இழுத்துப் போகப் பார்க்கிறான். அங்கே போய்விட்டால் விடுதலை கனவுதான். வழக்கு நீதிபதி பெஞ்சமின் ஹேய்ஸ் முன்னால் வந்துவிட்டது. ஆனால் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்லவே கூடாது என்பது கலிபோர்னியாவின் அன்றைய சட்டம். நீதிமன்றத்தில் அவர் வாய் திறக்க முடியாது.

நீதிபதி ஒரு வழி கண்டுபிடித்தார். பிடி மேசனைத் தன் தனியறைக்கு அழைத்தார். ஒரே ஒரு கேள்வி. நீயாக விரும்பித்தான் டெக்சஸ் போகிறாயா?

எஜமான் வெளியே இருக்கிறான். பதில் தப்பினால் பிள்ளைகளும் அடிமைகள்.

அவர் என்ன சொன்னார்?

அடுத்த வாரம் அந்த அறைக்குள் போவோம். பின்வாசல் வழியாக வந்துவிடுங்கள்.